சந்தனத்துக்கு அடியில் ஒரு நம்பர்

புதியம்புத்தூர்
14.6.1998

அன்புத் தம்பி பால்துரைக்கு,

அக்கா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் பிள்ளைகளும் நல்ல சுகம். அத்தானுக்குக் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசில் வேலைக்குக் குறைவில்லை. சனிக்கிழமை சாயந்தரம் வந்துவிட்டுத் திங்கள் விடிய பஸ் ஏறிவிடுகிறார்கள். ஆஸ்லினுக்கு வாந்தி நின்றதா? அவள் எதைக் கேட்டாலும் வாங்கிக் கொடு. முதல் பிள்ளைக்குக் கஞ்சத்தனம் பார்க்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பேப்பரில் ஒரு டெண்டர் நோட்டீஸ் பார்த்தேன். அரசு மாணவர் விடுதிகளுக்குக் காக்கி டிரவுசரும் வெள்ளைச் சட்டையும் தைத்துக் கொடுக்க வேண்டுமாம். வாசித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு வருஷமாக உக்கிரபாண்டி அண்ணாச்சி வீடு வீடாகக் கொண்டு வந்து போடும் வெட்டின துணிக்கட்டு அதேதானே! அதே இடுப்புப் பட்டி, அதே ஒற்றைப் பை. யாருக்குத் தைக்கிறோம் என்று கேட்டால், "தைக்கிறவளுக்கு அது என்னத்துக்கு?" என்பார். எங்கள் கையால் தைத்ததை எவனோ டெண்டர் எடுத்துச் சர்க்காருக்கு விற்கிறான். அதை நானே விற்றால் என்ன?

தூத்துக்குடி தொழில் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். சிறுதொழில் பதிவுச் சான்றிதழ் இருந்தால்தான் உள்ளே விடுவார்களாம். இந்த டெண்டருக்குப் பதினைந்து மெஷின் வேண்டுமாம். என் கொட்டகையில் ஐந்துதான் ஓடுகிறது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ துணிக் கம்பெனியில் டைப் அடிக்கிறவன், இந்தக் காகிதமெல்லாம் உனக்கு அத்துப்படி. எதை எங்கே எழுத வேண்டும் என்று விவரமாக எழுது.

உன் அக்கா
எஸ்தர்ராணி


சென்னை
22.6.1998

பிரியமுள்ள அக்காவுக்கு,

பால்துரை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். அங்கே அத்தானும் பிள்ளைகளும் அப்படியே என்று நம்புகிறேன். ஆஸ்லினுக்கு வாந்தி நின்றுவிட்டது. இப்போது நடுமத்தியானம் கருவாடு கேட்கிறாள்.

உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். என் அக்கா டெண்டர் போடப் போகிறாள்! தைரியமாக இறங்கு. அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் டெண்டர் பாரம் இலவசம், முன்பணம் கட்ட வேண்டாம், பெரிய மில்காரன் போட்டிக்கு வந்தாலும் சிறுதொழிலுக்குத்தான் முதல் சலுகை. எங்கள் கம்பெனியே அந்த ஒரு காகிதத்தில்தான் நிற்கிறது. அதற்கான பாரங்கள் பூராவும் என் டைப்ரைட்டரில் தட்டினதுதான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

முக்கியமானது மெஷின் பட்டியல். ஒவ்வொரு மெஷினுக்கும் இரும்பில் குத்தின நம்பர் இருக்கும், அதைத் தப்பில்லாமல் எழுத வேண்டும். அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். கொட்டகைக்கு வீட்டு வரி ரசீதும் மின்சார ரசீதும் எடுத்து வை. எந்த மாவட்டத்து டெண்டர் என்று நீ எழுதவே இல்லையே?

என்றும் உன் தம்பி
பால்துரை


புதியம்புத்தூர்
10.7.1998

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம், காற்றுதான் ஆளைத் தூக்குகிறது. கரிசல் மண் பறந்து வந்து வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்துகொள்கிறது. ஆஸ்லினுக்குக் கருவாடு அனுப்பியிருக்கிறேன்.

எந்த மாவட்டம் என்று கேட்கிறாயே, நம் மாவட்டம்தான். ஊரான் மாவட்டத்துக்கு நான் எங்கே போவேன்?

விண்ணப்பம் கொடுத்தாயிற்று. அதில் பதினைந்து மெஷின் என்று எழுதிவிட்டேன். பயந்துவிடாதே, வழி இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் உக்கிரபாண்டி அண்ணாச்சி பஜார் குடோனில் இரண்டு நாள் நாற்பது மெஷினைக் கொண்டுவந்து வைத்தது உனக்குத் தெரியாது. "இன்சூரன்ஸ்காரங்க பாக்க வாராங்க, ரெண்டே நாள் குடுங்க தாயி" என்று ஒவ்வொரு வீடாகக் கெஞ்சினார். நானும் மூன்று கொடுத்தேன். திருப்பிக் கொண்டுவந்து விடும்போது வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர். அந்த டம்ளரில்தான் இப்போது காப்பி குடித்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

அதே வேலையை நானும் செய்யப் போகிறேன். கோமதியம்மாள் மதினி, மாடத்தி, சொர்ணத்தாய் என்று பத்துப் பேர் ஆளுக்கு ஒரு மெஷின் ஒரு நாளைக்குத் தருகிறார்கள். அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று சொல்லியிருக்கிறேன். டம்ளர் கிடையாது.

உன் பதிலை எதிர்பார்க்கும்
அக்கா


சென்னை
19.8.1998

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் அனைவரும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். ஆபீசில் வேலை அதிகம். ஆஸ்லினுக்குக் கால் கொஞ்சம் வீங்குகிறது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார், அதனால் கருவாட்டை நான்தான் சாப்பிடுகிறேன். பையனா பெண்ணா என்று வீட்டுக்காரம்மா வயிற்றைப் பார்த்துத் தினம் ஒரு ஜோசியம் சொல்கிறார். இங்கே இரண்டு நாள் நல்ல மழை. அங்கே மழை உண்டா? பிள்ளைகள் படிப்பு எப்படி?

மெஷின் ஐந்து என்றே திருத்தி எழுதிக் கொடுத்துவிடு அக்கா.

பால்துரை


புதியம்புத்தூர்
27.8.1998

தம்பிக்கு,

சுகம்தான். மழை இல்லை. பிள்ளைகள் படிக்கிறார்கள். நீ கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியாயிற்று.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு கடிதம் போட்டாய். அதில் ஆஸ்லின் கால், வீட்டுக்காரம்மா ஜோசியம், மெட்ராஸ் மழை. என் காரியத்துக்கு ஒரே ஒரு வரி. ஏன் என்று ஒரு வார்த்தை கிடையாது. ஐந்து என்று திருத்தினால் டெண்டர் பாரமே கையில் தர மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியாதா? "தைரியமாக இறங்கு" என்று ஜூனில் எழுதினவன் நீதானே? ஆகஸ்டில் என்ன பேய் அடித்தது?

எனக்குத் தோன்றினதைச் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு இருக்க எனக்குத் தெரியாது. அக்கா என்றால் பீஸ் தைக்கிறவள், அவளுக்கு எதற்கு இந்த வேலை என்று நினைத்துவிட்டாய். அப்படி நினைத்திருந்தால் அது என் நெஞ்சில் குத்துகிறது. இல்லை என்றால் காரணத்தை எழுது. நான் எழுதினதைத் திருத்தப் போவதில்லை.

ஆஸ்லினைக் காலை நீட்டி உட்காரச் சொல்.

எஸ்தர்ராணி


சென்னை
20.9.1998

அக்காவுக்கு,

சுகம். ஆஸ்லினைப் பிரசவத்துக்கு நாசரேத்தில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். லீவு இல்லாததால் அங்கன வந்து உங்களைப் பார்க்க முடியவில்லை. நீ நினைப்பது போல ஒன்றும் இல்லை. இரவல் மெஷின் மட்டும் வேண்டாம். கார்டில் இதற்கு மேல் எழுத இடம் இல்லை.

பால்துரை


புதியம்புத்தூர்
9.10.1998

பால்துரைக்கு,

உடம்பு சுகம்தான், மனசுதான் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வாசித்துவிட்டுப் பதில் போடு.

ஏழாம் தேதி புதன்கிழமை அதிகாரி வந்தார். கல்யாணசுந்தரி என்று ஒரு அம்மா, திருநெல்வேலிக்காரர், என்னைவிட வயசில் சின்னவர். ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை என்பதை நான் யோசிக்கவே இல்லை. நமக்கு அந்தப் பழக்கம் இல்லையே! தட்டுவண்டியில் மெஷின்கள் வந்து இறங்கினதும்தான் பார்த்தேன். ஒன்றில் திருநீறு மூன்று பட்டை, ஒன்றில் நாமம், ஒன்றின் சக்கரத்தில் எலுமிச்சம்பழம். மாடத்தி மெஷினில் வாடின செவ்வந்தி மாலை அப்படியே தொங்குகிறது. என் ஐந்தில் பைபிள் சங்கீத வசன ஸ்டிக்கர். துடைக்கத் துணி எடுத்தேன், கோமதியம்மாள் மதினி கையைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏட்டி, தொடைக்காத. பூசின சந்தனம் தானா உதிரணும். தொடச்சா வருசம் பூரா வேல ஓடாது."

அந்த அம்மா உள்ளே வந்து வரிசையைப் பார்த்தார். "ஒரே பட்டறையில இத்தன சாமியா?" என்றார். "எல்லாச் சாமியும் சேந்துதான் காப்பாத்துது மேடம்" என்றேன். சிரித்துவிட்டார். அத்தோடு காரியம் முடிந்தது என்று நினைத்தேன். அவரோ முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் கைக்குட்டையால் சந்தனத்தைத் துடைத்து நம்பரை வாசித்தார். பையிலிருந்து இன்னொரு பழைய பைலை எடுத்தார். ஒவ்வொரு நம்பராக அதில் டிக் போட்டுக்கொண்டே போனார்.

"இதுல பதிமூணு மெஷின் ஏற்கெனவே ஒரு மெட்ராஸ் கம்பெனி பேர்ல பதிவாயிருக்கே" என்றார். அந்தக் கம்பெனிக்கு நம் ஊரில் நாற்பது மெஷின் தொழிற்சாலை இருப்பதாக மூன்று வருஷமாகக் காகிதத்தில் இருக்கிறதாம். விலாசத்துக்குப் போய்ப் பார்த்தால் குடோன் பூட்டிக் கிடக்கிறதாம். அதை விசாரிக்கத்தான் பைலைக் கையோடு கொண்டு வந்திருக்கிறார்.

கோமதியம்மாள் மதினி விடவில்லை. "என் கல்யாணத்துக்கு எங்கய்யா வாங்கிக் குடுத்த மெஷினு. அது எவன் பேர்ல இருக்கு?"

"பில் இருக்காம்மா?"

"சீருக்குக் குடுத்த மெஷினுக்கு எவனாவது பில்லு வைப்பானா? ஊரே பாத்துச்சில்லா!"

ஊர் பார்த்தது காகிதத்தில் வராதாம். ஒன்று நாங்கள் அந்தக் கம்பெனி மெஷினை எடுத்து வந்து காட்டுகிறோம், இல்லையென்றால் அந்தக் கம்பெனி எங்கள் மெஷினைக் காட்டியிருக்கிறது. எது என்று ஒரு மாதத்தில் எழுத்தில் நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் என் விண்ணப்பம் தள்ளுபடி, இனிமேல் என் பெயரில் எந்தச் சான்றிதழும் கிடையாது. கம்பெனிக்காரன் கேட்டால் மெஷினையும் அவனிடம் ஒப்படைக்கச் சொல்லுவார்களோ என்று சொர்ணத்தாய் அழுகிறாள்.

அந்தப் பட்டியலை எனக்குக் காட்டினார். அடியில் கம்பெனி முத்திரை. நீ கடிதம் போடும் கவரின் இடது மூலையில் அச்சடித்திருக்குமே, அதே பெயர்.

நீயா தட்டினாய்?

எஸ்தர்ராணி


சென்னை
20.10.1998

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

நான்தான் தட்டினேன். முதலாளி, "புதியம்புத்தூர்ல நமக்கு நாப்பது மெஷின் ஓடுது, லிஸ்ட் போடு" என்றார். உக்கிரபாண்டி அண்ணாச்சி போனில் நம்பர்களைப் படிக்கப் படிக்க நான் தட்டினேன். வீடுகளில் ஓடுகிற மெஷின்கள் என்று எனக்குத் தெரியும்; எது யார் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற அண்ணாச்சியின் குறிப்பும் பிறகு என் கைக்கு வந்தது. பதினேழாவதாக உன் பழைய மெஷின் நம்பர் வந்தது. நான் ஊரில் இருந்த வரைக்கும் அதற்கு எண்ணெய் போட்டவன் நான்தானே, அந்த நம்பர் எனக்கு மறக்காது. கை நின்றது. "என்னப்பா, லைன்ல இருக்கியா?" என்றார் அண்ணாச்சி. இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தட்டினேன்.

நம் மாவட்ட விடுதி ஆர்டர் எட்டு வருஷமாக எங்கள் கம்பெனி கையில்தான். முதலில் நீ எழுதினபோது வேறு மாவட்டமாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். டம்ளர் கதையை வாசித்ததும் பயம் பிடித்துவிட்டது. உண்மையைச் சொன்னால் நீ அலுவலகத்தில் போய்ச் சொல்லுவாய், என் வேலை போகும். சொல்லாவிட்டால் நீ மாட்டிக்கொள்வாய். இரண்டுக்கும் நடுவில் நின்று ஆஸ்லின் காலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். நான் கோழை அக்கா.

பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இந்தச் சமயத்தில் வேலை இல்லை என்றால் அவள் வீட்டில் எப்படிப் போய் நிற்பேன்? விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிவிடு. அதோடு விசாரணையும் நின்றுவிடும். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

பால்துரை


புதியம்புத்தூர்
27.10.1998

தம்பிக்கு,

உன் கடிதத்தை வாசித்தேன். நேரில் இருந்திருந்தால் உன்னை அடித்திருப்பேன். அதைச் சொல்லாமல் மேற்கொண்டு எழுத எனக்கு வரவில்லை.

வாபஸ் வாங்க மாட்டேன். என் பேரில் தப்பு இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு இரவல் வாங்கி என்னுடையது என்று காட்டினேன். உன் முதலாளி செய்ததும் அதைத்தான். டம்ளர் ஒன்றுதான் வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து பத்துப் பேரையும் கொட்டகைக்குக் கூப்பிட்டேன். "இந்த மெஷின் ஒங்களது. எம்பேர்ல காட்டுனது தப்பு. ஒங்க பேர்லயே காட்டுவோமா?" என்றேன். மாடத்தி, "அப்பொ நாங்களும் மொதலாளியா மதினி?" என்றாள். ஆமாம் என்றேன். ஐந்து நிமிஷம் சிரிப்பு அடங்கவில்லை.

மறுநாளே தூத்துக்குடி போய் அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினோரு பேரும் கூட்டாளிகளாகப் பத்திரம் எழுதினால் ஒரே தொழில்கூடமாகப் பதியலாமாம். ஆனால் அந்தப் பதிமூன்று மெஷினும் எங்களுடையது என்று முதலில் நிரூபிக்க வேண்டும். "அந்த லிஸ்ட்டத் தயாரிச்ச ஆளு எழுதிக் குடுத்தா ஒரு நாள்ல முடிஞ்சிரும். யாருன்னு தெரியுமா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு தெரியாது என்றேன். இத்தனை உண்மை பேசினதில் அது ஒன்று பொய்.

உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. வேலையை விட்டுவிடாதே. அந்தக் காலத்தில் மெஷின் விற்ற கடைக்காரர் பாளையங்கோட்டையில் மகன் வீட்டில் இருக்கிறாராம், போய்ப் பார்க்கிறேன். ஏதாவது ஒரு வழி கிடைக்காமலா போகும்? ஆஸ்லினுக்கு ஜெபிக்கிறோம்.

அக்கா


நாசரேத்
30.11.1998

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தர் செய்த நன்மைக்கு ஸ்தோத்திரம். இருபத்தொன்றாம் தேதி காலையில் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். ஆஸ்லின் கால் வீக்கம் வடிந்துவிட்டது. குழந்தைக்கு உன் மூக்கு, ஆஸ்லின் அம்மா அதைக் குறையாகச் சொல்கிறார், நான் பெருமையாகச் சொல்கிறேன்.

எனக்கு இந்தத் தடவை லீவு கொஞ்சம் நீளமாகவே கிடைத்திருக்கிறது. அதனால் கம்பெனி விலாசத்துக்கு எழுத வேண்டாம், மேலே உள்ள வீட்டு விலாசத்துக்கே எழுது. அங்கே மழை எப்படி? பிள்ளைகளையும் அத்தானையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புத் தம்பி
பால்துரை


புதியம்புத்தூர்
24.1.1999

என் அன்புத் தம்பி பால்துரைக்கு,

நீயும் ஆஸ்லினும் என் மருமகளும் சுகமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். பதில் இரண்டு மாதம் தாமதம். கோபம் ஒன்றும் இல்லை, கையில் முடிவு இல்லாமல் உனக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன்.

கடைக்காரருக்கு வயசாகிவிட்டது. என் முகமே அவருக்கு நினைவில்லை, மெஷின் எங்கே நினைவிருக்கும்? வெறுங்கையோடு திரும்பி வந்தேன். அவகாசம் முடிய நான்கு நாள் இருந்தது. மழை விழுந்து ஊரே உளுந்து விதைக்கக் காட்டுக்குப் போயிருந்தது. நான் மட்டும் கொட்டகையில் உட்கார்ந்து, தள்ளுபடி வந்தால் பத்துப் பேர் முகத்திலும் எப்படி விழிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பதினைந்து நாள் கழித்து அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில், பதினைந்து மெஷின்களும் எங்களுடையவை என்று ஏற்றுக்கொண்டதாக எழுதியிருந்தது. எப்படி என்று ஒரு வரி கிடையாது. நானும் கடவுள் செயல் என்று இருந்துவிட்டேன்.

பதினோரு பேரும் பத்திரம் எழுதினோம். சார்பதிவாளர் மெஷின் நம்பரைக் கேட்டபோது ஒருத்திகூடக் காகிதத்தைப் பார்க்கவில்லை, எல்லாரும் மனப்பாடமாக ஒப்பித்தார்கள். டிசம்பர் கடைசியில் சான்றிதழ் வந்தது. கோமதியம்மாள் மதினி அதற்கும் சந்தனம் பூச வந்தார்கள், நான் பிடித்துக்கொண்டேன். விசாரணையால் தள்ளிப்போன டெண்டரைத் திறக்கிற அன்று தூத்துக்குடியில் எட்டுப் பேர் பேண்ட் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள், நானும் மாடத்தியும் சேலையில். உன் பழைய முதலாளி வரவில்லை, அவர் பதிவை ரத்து செய்துவிட்டார்களாம். ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் இரண்டு தாலுகா விடுதிக்கும் எங்களுக்குத்தான் ஆர்டர். இப்போது உக்கிரபாண்டி அண்ணாச்சி என் வாசலில் வந்து, "தங்கச்சி, வெட்டுறதுக்கு ஆள் வேணுமா?" என்று கேட்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். கொஞ்ச நாள் யோசிப்பேன்.

முந்தாநாள் நன்றி சொல்ல அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். அவர் பைலைத் திறந்து ஒரு காகிதத்தைக் காட்டினார். நவம்பர் மூன்றாம் தேதி போட்ட கடிதம். நாற்பது நம்பரும், எந்தெந்த நம்பர் எந்தெந்த வீட்டு மெஷின் என்றும், யார் சொல்லத் தட்டினேன் என்றும் ஒன்று விடாமல் இருந்தது. பிரசவத்துக்கு முன்னாலேயே எழுதிவிட்டாயே, பாவி! நீளமான லீவு என்று எழுதினாயே, நானும் சம்பளத்தோடு கொடுத்த லீவு என்று நம்பி முதலாளிக்கு நல்ல மனசு என்று அத்தானிடம் சொன்னேன்.

கையெழுத்துக்குக் கீழே பதவி என்று ஒரு கோடு இருந்தது. அதில் கம்பெனி பெயரும் இல்லை, டைப்பிஸ்ட் என்றும் இல்லை. "எஸ்தர்ராணியின் தம்பி" என்று எழுதியிருந்தாய்.

அந்த அம்மா அந்த இடத்தில் விரலை வைத்து, "இது என்னங்க பதவி?" என்று சிரித்தார். அலுவலகத்தில் அத்தனை பேர் பார்க்க முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

அடுத்த வாரம் திங்கள்கிழமை துணி வருகிறது. குழந்தைக்கு வெயில் படாமல் காலை முதல் பஸ்சிலேயே மூன்று பேரும் புறப்பட்டு வாருங்கள்.

உன் அக்கா
எஸ்தர்ராணி